அணைக்குக் கொடுத்த வீடு

மேல்கரை, கராங்துவூர்
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் வினார்சிக்கு,

அம்மா எழுதுவது. இறைவன் அருளால் நானும் உன் மகள் லாரசும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் நீ பார்த்துக்கொள்கிற அந்தத் தைவான் அம்மாளும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. லாரசுக்குக் கீழ்ப்பல் ஒன்று விழுந்துவிட்டது, கூரைமேல் எறியச் சொன்னேன், தைவானிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி உயரத்தில் எறிந்தேன் என்று பெருமையடித்துக்கொள்கிறாள். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று திகைப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வரவில்லை. வீட்டைக் காட்டும்மா என்று நீ கேட்கும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாகச் சொல்கிறேன், நீயும் மெதுவாகப் படி.

போன மழை முடிவில் நம் வீட்டுக்குப் பின்னால், அணையின் சரிவு வந்து தரையைத் தொடும் இடத்தில் ஓர் ஊற்று பிறந்ததே, அதில் கால் நனைத்துக்கொண்டு உன்னோடு பேசியிருக்கிறேன். என்ன குளுமை அந்தத் தண்ணீரில். விடிகிற நேரம் அணையிலிருந்து பனி இறங்கி வாழைகளுக்குள் நிற்கும், எது வீடு எது மரம் என்று தெரியாது, அந்த வெள்ளைக்குள் தண்ணீர் மட்டும் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும், நான் விழித்திருக்கிறேனா உறங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. வியாழன் மாலைகளில் பெண்கள் பூக் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு தண்ணீர் அரிசி களைந்த நீர் போல வெளுக்கத் தொடங்கியது. ஊற்று பால் சுரக்கிறது என்று ஊரே பூரித்துப்போய், மஞ்சள் சோறு குவித்து ஓதி விருந்து வைத்தோம். உன் மாமன் பார்மின் சும்மா இருப்பானா, தொட்டி கட்டினால் குளிக்க வசதி என்று ஊற்றின் வாயைச் சிமெண்டு போட்டு இறுக்கி ஒரு சின்னக் குழாயை மட்டும் விட்டான். கொஞ்ச நாளில் தண்ணீர் உன் சமையலறையில் வந்தது. நீ ஆசைப்பட்டு வாங்கின பச்சைப் பூப்போட்ட டைல்ஸைத் தூக்கிக்கொண்டு, நடுத்தரையில், நுரைத்து நுரைத்து. நம் வீட்டுக்கே ஊற்று வந்துவிட்டது என்று லாரஸ் கைதட்டினாள். நானும் சிரித்தேன்.

நகரத்துப் பாசன அலுவலகத்திலிருந்து ரினெங்கா என்றொரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். அந்தத் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்து மேசைமேல் வைத்துவிட்டு நான் கொடுத்த காபியைக் குடித்தாள், குடித்து முடிப்பதற்குள் புட்டியின் அடியில் மஞ்சள் மண் படிந்துவிட்டது. "இது ஊத்து இல்லம்மா, அணையோட உள்மண்ணு அரிச்சுக்கிட்டு வருது. அந்த வாயை அடைச்சீங்க, இங்க வந்து திறந்துக்கிச்சு" என்றாள். டச்சுக்காரர் காலத்து மண் அணை, வயதாகி உள்ளுக்குள் பொடிகிறதாம், விட்டால் கீழே ஒரு வீடும் ஒரு வயலும் மிஞ்சாதாம். உடனே தண்ணீரைப் பாதிக்குக் கீழே இறக்க வேண்டும், அப்புறம் அணையின் அடியில் மணலும் சரளையும் அடுக்கடுக்காகக் கொட்டிப் பாரம் ஏற்ற வேண்டும், அப்போது தண்ணீர் கசிந்தாலும் மண் வராது என்றாள். அந்தப் பாரம் ஏற வேண்டிய இடம் நம் வீடு நிற்கிற இடம்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். வயல்காரர்கள் தண்ணீரை இறக்க விடமாட்டோம் என்றார்கள், நாற்று வளர்ந்து நின்றது, அவர்களையும் குறை சொல்ல முடியாது. வடக்கு வயல்கள் முழுக்க வைத்திருக்கிற பெரியவர் சார்வோகோவை உனக்குத் தெரியுமே, "தண்ணிய எறக்கிட்டு நாங்க எதுல நடுறது, வானத்துலயா? வீடு நனையுதுன்னா ஒரு வாய்க்கால் வெட்டி விடு துகினெம், மீனும் வளர்க்கலாம்" என்று நக்கலடித்தார், எல்லோரும் சிரித்தார்கள். ஊர் ஒப்பாமல் மதகைத் திறக்க அலுவலகத்துக்கும் தயக்கம். லாரஸ் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை, ஆனால் திறந்தேன். "எம்மக இத்தனை வருஷமா அடுத்தவங்க அம்மாவுக்குப் பீமூத்திரம் அள்ளிக் கட்டின வீடு. அதை நான் தர்றேன், இடிச்சுக்கங்க. நீங்க ஒரு போகத்தைத் தாங்க." அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சார்வோகோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில், "எறக்கட்டும்" என்றார்.

உன் வீட்டுக்கு முன்னால் நின்ற நம் பழைய மரவீட்டை மூங்கில் கட்டி ஊர் ஆண்கள் தோளில் தூக்கிப் போனார்கள். பனியில் அவர்கள் உடம்பு தெரியவில்லை, வீடு தானாக மிதந்து மேடேறுவது போல இருந்தது, பின்னாலேயே லாரஸ் ஓடினாள். சார்வோகோவும் ஒரு தோள் கொடுத்தார், இவள் வீட்டுக்குள் என்ன கல்லையா வைத்திருக்கிறாள் என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடி. உன் செங்கல் வீட்டை யார் தூக்குவது? கதவு, ஜன்னல், உடையாமல் வந்த டைல்ஸ், எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இடிக்கும்போது நான் பார்க்கவில்லை, பார்மின் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். இப்போது அந்த இடத்தில் சரளைமேடு, அதன்மேல் பாரத்துக்கு உன் வீட்டுச் செங்கல்லையும் கொட்டியிருக்கிறார்கள். அடியிலிருந்து தண்ணீர் தெளிவாகக் கசிகிறது. அணை பிழைத்துக்கொள்ளும் என்கிறாள் ரினெங்கா.

தண்ணீர் இறங்கினதும் அணைக்குள் மூழ்கிக் கிடந்த பழைய ஊரின் பாதை மேலே வந்திருக்கிறது, புளியமரத்துக் கட்டைகள், எந்த வீட்டுக்கும் போகாத கல்படிகள். சாயங்காலம் நானும் லாரசும் அதில் நடக்கிறோம், காலுக்கடியில் சேறு வெதுவெதுப்பாக இருக்கிறது, தலைக்கு மேல் இன்னும் தண்ணீர் நிற்பது போலவே எனக்குத் தோன்றும். இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டாள். மேட்டுக்குப் போனார்கள், நம்மைப் போல, என்றேன்.

உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன் மகளே. கேட்டிருந்தால் கொடு என்றுதான் சொல்லியிருப்பாய். அதை உன் வாயால் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. கோபம் வந்தால் என்மேல் காட்டு, சாப்பாட்டின்மேல் காட்டாதே. உன் கை தொட்டதெல்லாம் நிலைக்கட்டும், உன் கால் பத்திரமாகத் திரும்பட்டும்.

பெருநாளைக்கு வரும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. தூக்கக் கலக்கத்தில் பழக்கப்படி பழைய வீட்டுப் பாலத்தடியில் இறங்கிவிடாதே. அங்கே நின்று நீ அந்தச் சரளைமேட்டைத் தனியாகப் பார்க்கக் கூடாது. பஸ் மேல்கரைக்கு ஏறி வரட்டும், அங்கே நான் நிற்பேன், இரண்டு பேரும் சேர்ந்து இறங்கிப்போய்ப் பார்ப்போம்.

உன் அம்மா,
துகினெம்