ஒரு முட்டுக்கால் அதிகம்

பாரிஸ் புறநகர்,
9 மார்ச் 1925

அன்புள்ள லியோன்தினுக்கு,

இருமல் விட்டதா? உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அவருக்கு என் வணக்கம். நான் சுகம்தான், தூக்கம் மட்டும் பிடிப்பதில்லை.

நேற்று ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. நாங்கள் கட்டும் சிமெண்ட் தேவாலயத்தில், கூரை காயும்வரை அடியில் கொடுத்திருந்த சென்ட்ரிங் பலகைகளையும் மர முட்டுக்கால்களையும் பிரித்தோம். அவ்வளவு பெரிய கூரையைத் தாங்கும் தூண்களை நான் ஒருவனே கட்டிப்பிடித்துவிடலாம், அவ்வளவு ஒல்லி. சுவர் முழுக்கக் கண்ணாடி. கூரை விழுந்துவிடுமோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மேஸ்திரி பார்க்காத நேரத்தில் நடுவே ஒரு முட்டுக்காலை மட்டும் விட்டுவைத்தேன். மற்றவற்றை எடுத்ததும் கூரை நூலளவு இறங்கி அமர்ந்தது. என் முட்டுக்கால் நின்ற இடத்தில் மட்டும் இறங்க முடியாமல், அதற்கு நேர்மேலே விரிசல் விட்டது.

மேஸ்திரி பாஸ்தியன் கத்தினார்: "அடேய் மார்சியால்! உங்க ஊரு பூர்ஜ் பேராலயத்துக்கு எழுநூறு வருஷமா எவன்டா முட்டுக் குடுக்குறான்? பாரமெல்லாம் வளைவு வழியா தூணுக்கு வந்துரும். இதுவும் அதே கணக்குதான், கல்லுக்குப் பதிலா கம்பியும் சிமெண்டும். அத இறங்க விடுடா!"

விரிசல் மயிரிழைதான், பூசிவிடலாமாம். வேலையும் போகவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கடிதத்தை இன்னும் நீளமாக எழுது, கோழி அடைகாப்பதைக்கூட எழுது.

நம் படுக்கையறை உத்தரத்துக்கு நான் வைத்த முட்டுக்காலை எடுத்துவிடட்டுமா, நடக்கும்போது இடிக்கிறது என்று கேட்டிருந்தாய். அது இல்லாமலே உத்தரம் நிற்கும், இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வரும்வரை எடுக்காதே.

வேலைச் சங்கு ஊதிவிட்டது.

உன்
மார்சியால்