இடித்தவருக்காக இடிபட்டவள் தரும் மனு

அனுப்புநர்:
தபால் பட்டுவாடா ஊழியர்
(விபத்து வழக்கில் காயமடைந்தவர்),
தபால் நிலையக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
குடியேற்றத் துறை.

பொருள்: என் காலை முறித்த விபத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ரொட்டி வேன் ஓட்டுநரை நாட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இத்தகைய மனுவைத் தண்டனை பெற்றவரின் சொந்தபந்தங்கள்தான் தங்களுக்கு எழுதுவது வழக்கம். நான் அவருக்கு உறவல்ல, அவரால் அடிபட்டவள்.

1. சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, பேக்கரிக்குப் பின்னால் உள்ள சந்தில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னோக்கி வந்த வேன் என்னைச் சுவரோடு நெருக்கியது. தொடை எலும்பு முறிந்து மயங்கிவிட்டேன். சந்தில் வேறு ஆளில்லை, கேமராவும் இல்லை. ஓட்டுநர் போயிருந்தால் கேட்க நாதியில்லை. அவர் ஆம்புலன்சை அழைத்து, அது வரும்வரை தம் மழைக்கோட்டை என்மேல் போர்த்திவிட்டுத் தாம் நனைந்துகொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாக ஆம்புலன்ஸ் ஊழியர் பிறகு சொன்னார். போலீசுக்குத் தகவல் கொடுத்தவரும் அவரே.

2. "அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றிருந்த என் கணவர், அவர் தண்டிக்கப்படுவதைப் பார்க்கவென்றே நீதிமன்றம் போனார். நான் திடீரென்று குறுக்கே வந்ததாகச் சொன்னால் தப்பிக்கலாம் என்று ஓட்டுநருடைய வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்திருந்தாராம். அவரோ நீதிபதியிடம், "அவங்க ஓரமாத்தான் நின்னாங்க. பின்னாடி பாக்காம வண்டிய எடுத்தது நான்தான்" என்று சொல்லிவிட்டார். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு போன என் கணவர் திரும்பி வந்து அந்த வார்த்தைகளை அப்படியே எனக்குச் சொன்னார்.

3. தண்டனை ஓராண்டுச் சிறை. நன்னடத்தையின் பேரில் அதையும் நீதிபதி நிறுத்திவைத்தார். ஓட்டுநர் ஒரு நாளும் சிறையில் இருக்கவில்லை. அத்தோடு முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினோம். ஆனால் குடியுரிமை இல்லாதவருக்கு ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டால், அது நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும், வெளியேற்றப்படுவார் என்கிறது தங்கள் துறையின் விதி. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் இதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போனவரிடம் வெளியேற்ற உத்தரவைக் கொடுத்தனுப்பினார்கள். இதே தவறைக் குடியுரிமை உள்ள நான் செய்திருந்தால், நிறுத்திவைத்த தண்டனை, உரிமப் பறிப்பு, அதோடு போயிருக்கும்; என் வீடு என் வீடாகவே இருந்திருக்கும்.

4. ஓட்டுநர் உரிமம் பறிபோனதால் அதே பேக்கரியில் மாவு பிசையும் வேலைக்கு இறங்கினார். வேலை முடிந்ததும் மருத்துவமனைக்கு வருவார். முதலில் நான் முகங்கொடுக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் கணவருக்கு வேலைநேரம் மாறியபோது, என்னை நடைப்பயிற்சி அறைக்குத் சக்கர நாற்காலியில் கொண்டுபோனவர் அவர்தான். வலி தாங்காமல் அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவேன். "திட்டுங்கக்கா, ஆனா திட்டிக்கிட்டே நடங்க" என்பார். அப்படித் திட்டித் திட்டியே நடந்தேன் ஐயா. இன்று கைத்தடியோடு வேலைக்குத் திரும்பியிருக்கிறேன்.

5. அவர் மனைவி அதே மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். மகள் இங்கே பிறந்து, இங்கே படிக்கிறாள். தகப்பன் பிறந்த நாட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். உத்தரவு வந்ததும், அன்று பொய் சொல்லியிருந்தால் இந்தக் கதி வந்திருக்காதே என்று மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். அவரோ, "உங்க காலு ஒடஞ்சது நெசந்தானக்கா. அத எப்படி மாத்திச் சொல்ல?" என்றார். அவரை இன்று "தம்பி" என்று அழைக்கும் என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தக்க காரணம் இருப்பின் விதியைத் தளர்த்தத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அறிகிறேன். வரும் வியாழக்கிழமை விசாரணையில் என்னையும் சாட்சியாக அழைக்குமாறும், வெளியேற்ற உத்தரவை ரத்து செய்யுமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இழைத்த குற்றத்துக்காகத்தானே அவரை அனுப்பப் போகிறீர்கள்? அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஐயா.

இடம்: தபால் நிலையக் குடியிருப்பு
நாள்: அக்டோபர் 9

இங்ஙனம்,
(கையொப்பம்)
தபால் பட்டுவாடா ஊழியர்

மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுபவர்:
(கையொப்பம்)
மனுதாரரின் கணவர்