கண்ணுக்கு எட்டிய நிறங்கள்

மயூர் விஹார், டெல்லி
பிப்ரவரி 16

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அம்சவேணி அவர்களுக்கு,

வடிவேல் எழுதுவது. இங்கே என் மகன் பிரதீப்பும் உங்கள் மகள் மதுமதியும் நலம். கரூரில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். பேச ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

என் மனைவி உஷாராணிக்குப் பார்வை மங்கி வருவது உங்களுக்குத் தெரியும். இனித் தெளியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று போன கோடையில் டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவள் வாசல் இறங்குவதையே விட்டுவிட்டாள். எங்களுடையது தரைத்தள வீடு. கேட் வரை சிமென்ட் நடை, நடுவில் ஒரு படி, இரு பக்கமும் கொஞ்சம் மண். அந்தப் படியில் இரண்டு முறை விழுந்திருந்தாள்.

அக்டோபரில் மதுமதி நர்சரியிலிருந்து விதவிதமான பூக்களை வாங்கி வந்தாள். உஷாவை வெயிலில் உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் நான்கடி தள்ளிப் பிடித்து, "அத்தை, இது என்ன கலர்?" என்று கேட்டாள். ஏதோ விளையாட்டு என்று நான் பேப்பரில் மூழ்கிவிட்டேன். வெள்ளை, ரோஸ், ஊதா எதையும் உஷாவால் சொல்ல முடியவில்லையாம். செண்டுமல்லியின் ஆரஞ்சையும் சால்வியாவின் சிவப்பையும் மட்டும் தயங்காமல் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாளே நடையோரம் இருந்த என் வெள்ளை ரோஜாக்களைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு அந்த இரண்டை மட்டும் நட்டாள். எனக்குக் கோபம். அது தீருமுன் நவம்பரில் முதல் மொட்டுகளைக் கிள்ளிப் போட்டாள். "பூக்க வந்ததைக் கிள்ளறியே, இதுதான் தோட்டம் போடற லட்சணமா?" என்று சத்தம் போட்டேன். "இப்ப விட்டா ஒத்தைப் பூவா நிக்குமுங்க மாமா. கிள்ளுனா பக்கத்துல கெளைச்சு அடர்த்தியா வரும்" என்றாள். எதிர்த்தும் பேசவில்லை, கிள்ளுவதை நிறுத்தவும் இல்லை. புகைமூட்ட நாட்களில் மெட்ரோவுக்கு ஓடுமுன் இலையில் படிந்த கரியைக் கழுவினாள். பனி கொட்டிய ஜனவரியில் சாக்குப் போட்டு மூடினாள்.

சென்ற ஞாயிறு காலை கேட் திறக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். உஷா தனியாக நின்று காய்கறி வண்டிக்காரரிடம், "பையா, மட்டர் தாஜா ஹை?" என்று இந்தியில் கேட்டபடி, பட்டாணி புதியதுதானா எனத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி வந்தாய் என்றேன். "ரெண்டு பக்கமும் ஆரஞ்சு, நடுவுல நடந்தேன். சிவப்பு வந்தா படின்னு மது சொல்லியிருந்தா. கால் வச்சுப் பாத்தேன், இருந்தது" என்றாள். தினமும் அந்த நடையில் போய்வருகிறவன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டு வருடமாக நீங்கள் எங்கள் வீட்டுக்கு வராததன் காரணம் எனக்குத் தெரியும். கல்யாணமான மாதத்தில், கூடத்தில் எல்லோர் முன்னாலும், உங்களுக்குப் பெண்ணை வளர்க்கத் தெரியவில்லை என்று சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. உங்களுக்கு மறந்திருக்காது.

மார்ச் கடைசியில் வெயில் ஏறினால் சால்வியா தாங்காது என்கிறாள் மது. அதற்குள் ஒருமுறை வாருங்கள். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். அன்று சொன்ன சொல்லை அதே கூடத்தில், உங்கள் மகள் எதிரில், நான் திரும்ப எடுத்துக்கொள்ள இடம் கொடுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
வடிவேல்