சிவப்பு வண்டிக்கு நான் எழுதிய வரி

மார்ச் 3, திங்கள்

பாலத்து முனை விளம்பரப் பலகையில் என் வரி ஏறிவிட்டது. ஆள் உயர எழுத்துகள், பக்கத்தில் பாய்ந்து வருகிற சிவப்புக் காரின் படம். "வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே தொலைந்துபோன உங்களை எங்கே தேடுவது?" இதே பாலத்தில் நெரிசலில் முழி பிதுங்கி உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. எங்கள் விளம்பரக் கம்பெனி முதலாளி துள்ளிக் குதித்தார். "சலிப்பை உன்னை மாதிரி எழுத ஆளே இல்லய்யா!"

அந்தப் பலகைக்குக் கீழேதான் இன்றும் எங்கள் சாம்பல் நிற வண்டி ஊர்ந்தது. பக்கத்தில் மனைவி. வழக்கம்போல் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக் கதை. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு, காணோம் என்று கடையில் சண்டைக்கு நின்றாராம் ஒருவர். நான் "ம்" கொட்டினேன். பாதி காதில் விழவில்லை.

மார்ச் 22, சனி

மனைவியின் தங்கை கணவர் போன் செய்தார். அந்த வண்டியை வாங்கிவிட்டாராம்! அதே சிவப்பு.

"சகலை, பாலத்துல அந்த விளம்பரத்தைப் பார்த்தீங்களா? எழுதினவன் என் மனசுக்குள்ள பூந்து பார்த்துட்டு எழுதியிருக்கான். அன்னிக்கே புக் பண்ணிட்டேன்."

எழுதினவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "ரொம்ப சந்தோஷம்" என்றேன். வயிறு எரிகிறது. ஏங்கினது நான். அனுபவிக்க அவரா?

மார்ச் 23, ஞாயிறு

எல்லோரையும் ஒரு சுற்று கூட்டிப்போனார். மனைவி முன் இருக்கையில். நானும் கொழுந்தியாளும் பின்னால், முழங்கால் மோவாயில் இடிக்க. அவர் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் இவள் "ஐயோ!" என்று கத்திச் சிரித்தாளே — அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு?

விளம்பரப் படப்பிடிப்புக்கு நான் போயிருந்தேன். விடியலில் பாலத்தை அடைத்துவிட்டார்கள், ஈ காக்கை கிடையாது. வண்டி சைக்கிள் வேகத்தில்தான் போனது. வேகமெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றியது. ஓட்டினவர் நடு நடுவே கொட்டாவி விட்டார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? எரியுதே!

மார்ச் 24, திங்கள்

அவர் ஆபீஸ் இவள் கடையைத் தாண்டித்தான். "அண்ணியை நான் இறக்கி விட்டுடறேன் சகலை, உங்களுக்கு எதுக்கு வீண் சுத்து?" இவளும், "ஒரு வாரம் போய்ப் பார்க்கறேனே" என்றாள். முகமெல்லாம் ஆசை.

"தாராளமா போ" என்றேன். பெரிய மனுஷன்!

மார்ச் 25, செவ்வாய்

தனியாகப் போனேன். ரேடியோ போட்டேன். அணைத்தேன். அந்தக் கண்ணாடி ஆசாமிக்குக் கண்ணாடி கிடைத்ததா இல்லையா?

மார்ச் 27, வியாழன்

குளிக்கும்போதும் அதே நினைப்பு. இந்நேரம் சிரிச்சுக்கிட்டே போவாளா? கடைக் கதையெல்லாம் அவர்கிட்ட சொல்வாளா? அதைத்தான் தாங்க முடியலை. வேகம் வேணும்னா அவர் வச்சுக்கட்டும். கதை என்னுது. எதுக்குடா எழுதித் தொலைச்சே அந்த வரியை?

மார்ச் 28, வெள்ளி

பாலத்தில் எல்லாம் நின்றுவிட்டது. பக்கத்து வரிசையில் சிவப்பு வண்டி. அதுவும் நின்றுகொண்டுதான் இருந்தது, என் வரிக்கு நேர் கீழே! சகலை ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு முன்னால் நிற்கும் லாரியைத் திட்டிக்கொண்டிருந்தார். இவள் ஜன்னலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். நான் வீம்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடி பார்த்தால், கைப்பையோடு இறங்கி, ஹாரன் சத்தத்துக்கு நடுவே வந்து என் கதவைத் தட்டுகிறாள்.

"திறங்க சீக்கிரம்! அந்த மனுஷர் என்னை வாயைத் திறக்கவே விடலை. எது சொன்னாலும், 'இஞ்சின் சத்தத்தைக் கேளுங்க அண்ணி'ங்கறார். ஒரு வாரக் கதை அப்படியே கிடக்கு."

"கண்ணாடியைத் தலையில வச்சிருந்தாரே, அவருக்கு என்னாச்சு?"

ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

பாதிதான். அதைச் சொல்லவில்லை.

"எங்களை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, போகும்போது தலையைச் சொறிஞ்சார். கைக்கு வந்துடுச்சு. 'நல்ல கடை'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்!"

சிரித்த சிரிப்பில் முன் வண்டி நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் இருந்தவர் காது கிழிய ஹாரன் அடித்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

சகலை போன். குரல் ஒரு மாதிரி இருந்தது. "தினமும் பாலத்துல பார்க்கறேன் சகலை. ரெண்டு பேரும் அப்படி என்னதான் சிரிக்கறீங்க? இங்க நான் ஒண்டியா உட்கார்ந்திருக்கேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

அடுத்த விளம்பரத்துக்கு வரி கேட்டு முதலாளி நச்சரிக்கிறார். "சலிப்பு உனக்குத்தானய்யா தண்ணி பட்ட பாடு!" காலையில் பாலத்தில் வண்டி நின்றதும் யோசிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் இவள் கடைக் கதையை ஆரம்பித்துவிட்டாள். கடை வாசல் வரை கேட்டுக்கொண்டே போனேன். வரி ஒன்றும் வரவில்லை.