கடற்கரைத் தெருவுக்குக் கடைசி முறை

அந்தோனியார் துணை

மன்னார்
14.09.2018

அன்பு மகன் அலெக்ஸாண்டருக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணன் கொன்ஸ்ரன்ரைனும் அண்ணி லூசியாவும் பேத்தி டினோஜாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் குளிர் தொடங்க முன்னமே இருமல் தடிமன் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். செவ்வாய்க்கிழமை நகரசபைக் கூட்டத்தில் நடந்ததைக் கொண்ணன் உனக்குத் தொலைபேசியில் சொன்னானாம். அவன் சொன்னது பாதி, அதிலும் பாதி பிழை. அவன் பயத்தில் உள்ளே வராமல் வேப்பமரத்துக்குக் கீழே நின்றவன். நான் உள்ளே இருந்தவள், அதனால் ஆர் ஆர் இருந்தது என்று முதலில் எழுதிவிடுகிறேன். நடுக் கதிரையில் தவிசாளர் கிறகரி. அவருக்கு வலப்பக்கம் மஹ்மூது, புத்தளத்தில் இருபது வருசம் கிடந்து திரும்பி வந்தவர், இப்போது பள்ளிவாசல் தெருவுக்கு உறுப்பினர். அவருக்குப் பக்கத்தில் நறுவிலிக்குளத்துச் சிவராசா, இப்போது சந்தையடியில் கடை வைத்திருக்கிறார். மீள்குடியேற்றத்தில் எங்களுக்குத் தகரம் கொடுத்த அன்று வரிசையில் எனக்கு முன்னால் புகுந்தவர் இவர்தான், எட்டு வருசமாகியும் நான் மறக்கவில்லை. இடப்பக்கம் எங்கள் டினோஜா, மாம்பழ நிறச் சேலை. மற்ற உறுப்பினர்கள் பதினொரு பேர், பெயரெல்லாம் எனக்குத் தெரியும், எழுதக் கடதாசிதான் காணாது. கூட்டத்தை எழுதுகிற சுபத்திரா. சுவரோரம் பார்வையாளர் இருக்கிற வாங்கில் நான், லூசியா, பள்ளிவாசல் தெருப் பாத்தும்மா. வாசலில் தண்ணீர்ப் பவுசர் ஓட்டுகிற பஸ்ரியன்.

இதைத் தொடக்கிவிட்டவன் நீதான் மகன். மடுத் திருநாள் அன்று தொலைபேசியில் டினோஜாவிடம் என்ன சொன்னாய்? பெண்கள் பட்டியலில் சபைக்குப் போய் இருந்து ஆறு மாதமாகக் கை உயர்த்தித் தேத்தண்ணி குடித்ததுதானே கண்ட பலன், விட்டுவிட்டு வா, இங்கே படிக்க இடம் எடுத்துத் தாறன் என்று சொன்னாய். பிள்ளை மூன்று நாள் சபைப் பக்கமே போகவில்லை. பிறகு என்னிடம் வந்து, அப்பம்மா, சித்தப்பா சொல்றதிலயும் நியாயம் இருக்கு, நான் கொண்டுபோற முதல் பிரேரணை தோத்தா கதிரையை விட்டிட்டுப் போறன் எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ என்றாள். சொன்னதோடு நிற்காமல் பாஸ்போட்டை எடுத்து மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இடம்பெயர்ந்து போன கூடாரத்தில் வைத்து அவளுக்கு அ, ஆ எழுதப் பழக்கியவள் நான். இந்தக் கடிதம் எழுதுகிற அளவுக்குத்தான் எனக்கு எழுத்துத் தெரியும், அதையும் கொடுத்தேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்குப் பேப்பர் வாசித்துச் சொல்ல ஆளில்லை.

பிரேரணை தண்ணீரைப் பற்றியது. இந்த வருசமும் மழை பொய்த்துக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. பவுசர் ஒன்று, தெரு ஏழு. எந்த உறுப்பினர் விடிய முதலில் பஸ்ரியனுக்குப் போன் அடிக்கிறாரோ அவருடைய தெருவுக்குப் பவுசர் போகும். மற்றத் தெருப் பெண்கள் குடத்தோடு வெயிலில் நின்று பவுசரையும் பேசுவார்கள், உறுப்பினரையும் பேசுவார்கள், பஸ்ரியனின் தாயையும் பேசுவார்கள். டினோஜா என்ன செய்தாள் தெரியுமா, எங்கள் கரைவலைக்காரரின் முறையைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போனாள். நீயும் கயிறு இழுத்தவன்தானே. இன்றைக்கு வலை வளைத்தவன் நாளைக்கு வரிசையின் கடைசிக்குப் போகவேணும், பல வலை வைத்திருக்கிற பெரிய சம்மாட்டி என்றாலும் சரி, வலை கிழிந்தவன் என்றாலும் சரி. அதே மாதிரி தண்ணீர் எடுத்த தெரு கடைசிக்குப் போகவேணும், முறையை எழுதிப் பவுசரிலேயே ஒட்டவேணும், இதுதான் அவள் கேட்டது.

இனி என் பிழையையும் எழுதத்தான் வேணும். கூட்டத்துக்கு முதல்நாள் திங்கட்கிழமை எங்கள் தெருப் பெண்கள் நாளைக்குப் பிள்ளையைப் புகழட்டும் என்று நினைத்து, பஸ்ரியனைக் கூப்பிட்டு இருத்தி, பாரை மீன் பொரித்துச் சம்பலோடு கொடுத்து, பின்னேரம் பவுசரை எங்கள் தெருவுக்குக் கொண்டுவரச் செய்தேன். வீட்டுக்கு வீடு குடம், வாளி, பீப்பா எல்லாம் நிரம்பியது. நான் எங்கள் ஆச்சியின் பழைய சட்டி வரைக்கும் நிரப்பினேன். பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று சந்தோசமாகத்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பிள்ளை எழும்பி வாசித்தாள். முதல் இரண்டு வரியை அவசரமாக வாசித்தாள், பிறகு நிதானம் வந்துவிட்டது. பின்வரிசையில் ஒருவர், மீன்காரற்ர சட்டத்தில ஊரை நடத்தப் போறியளோ பிள்ளை என்று கேட்டார். ஓம் ஐயா, உங்கட வீட்டுக் கறிச்சட்டிக்கு மீன் வாறதும் அந்தச் சட்டத்திலதான் என்றாள். மஹ்மூது மேசையில் தட்டிச் சிரித்தார். அப்போதுதான் சிவராசா மெல்ல எழும்பி, அப்ப கடைசியா வலை இழுத்தவர் கடைசிக்குப் போகவேணும், பவுசர் கடைசியாப் போனது ஆரின்ர தெருவுக்குப் பிள்ளை என்று கேட்டார். நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்தேன். வாசலில் நின்ற பஸ்ரியன் என்னைப் பார்க்கிறான், நான் முகட்டைப் பார்க்கிறேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், ஆர் கேட்கப் போகிறார்கள். அவள் சொன்னாள், நேற்றுப் பின்னேரம் எங்கட தெருவுக்குத்தான் ஐயா வந்தது, என்ர அப்பம்மா மீன் பொரிச்சுக் குடுத்துக் கூப்பிட்டவ, அதால கடற்கரைத் தெரு கடைசி எண்டு எழுதுங்கோ என்று. சபை முழுக்க என் பக்கம் திரும்பிவிட்டது. எனக்கும் பொறுக்கவில்லை, எழும்பி, ஓம் பொரிச்சனான், நல்ல பாரை மீன் என்று சொல்லிவிட்டேன். கிறகரி, அம்மா நீங்கள் பார்வையாளர், இருங்கோ என்றார். லூசியா என் தொடையில் கிள்ளினாள். பாத்தும்மா கண்ணீர் வரச் சிரித்து, அக்கா, உங்கட மீனுக்கு ஒரு கிழமைத் தண்டனை என்று காதில் சொன்னா.

வாக்கெடுத்தார்கள். மஹ்மூது முதலாவதாகக் கை உயர்த்தினார். சுபத்திரா எண்ணி எண்ணி எழுதுகிறா. ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஏழு, சிவராசா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். எனக்கு அந்தப் பாஸ்போட்டுத்தான் கண்ணுக்குள் நின்றது. பிறகு அவர், தன்ர தெருவைக் கடைசியில போடுற ஆளை நான் இந்தச் சபையில இண்டைக்குத்தான் காணுறன் என்று சொல்லிக் கையை உயர்த்தினார். எட்டு. அந்த நிமிசமே அவருடைய தகரத்தை நான் விட்டுவிட்டேன். பிள்ளை தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். வீட்டுக்கு வந்து பாஸ்போட்டை எடுத்து அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். நான் கண்ணால் கண்டேன். ஆகையால் நீ அங்கே எடுத்த இடத்தை வேறு ஆருக்காவது கொடுக்கச் சொல்லு.

இப்போது என் கவலை வேறு. நேரத்துக்குச் சாப்பிடுகிறாள் இல்லை. விடிய ஐந்து மணிக்கு ஒருவர் தெரு விளக்கு எரியவில்லை என்று போன் அடிக்கிறார், இன்னொருவர் தன் வளவுக்குள் மாடு வந்துவிட்டது என்று அடிக்கிறார், எல்லாருக்கும் ஓம் ஐயா, ஓம் அக்கா என்கிறாள். ஸ்கூட்டரையும் வேகமாக ஓடுகிறாள். நீ சொன்னால் கேட்பாள், மெல்ல ஓடச் சொல்லு. மாப்பிள்ளைக் கதை மட்டும் இப்போதைக்கு எடுக்காதே, எடுத்தால் என்னோடுதான் கோபிப்பாள். எங்கள் தெருவுக்கு அடுத்த செவ்வாய்தான் முறை, அதுவரைக்கும் நான் நிரப்பி வைத்த சட்டித் தண்ணீரை அளந்து அளந்து பாவிக்கிறோம்.

ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது. சபையில் கதிரை பதினாறு, இருந்தவர்கள் பதினைந்து பேர் என்று நீ எண்ணியிருப்பாய். பதினாறாவது கதிரை எங்கள் தெருவில் வென்ற உன் மாமாவுடையது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் என் கையைப் பிடித்து, அக்கா, செவ்வாய்க்கிழமை என்ர கைதான் முதல் கை என்று சொன்னவர். திங்கட்கிழமை பவுசர் வந்தபோது மூன்று பீப்பா நிரப்பினார். நாற்பது வருசம் கரைவலை போட்ட சம்மாட்டிக்கு முறை தெரியாதா, முறை வந்தால் எங்கள் தெரு கடைசிக்குப் போகும் என்று என் மூளைக்கு எட்டாதது அவருக்கு எட்டிவிட்டது. செவ்வாய் விடியக் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். சிவராசா கையைக் கட்டிக்கொண்டே இருந்திருந்தால் பிரேரணை தோற்று, பிள்ளை இப்போது உன்னிடம் வர உடுப்பு அடுக்கிக்கொண்டிருப்பாள். புதன்கிழமை பவுசர் முதல் முறைக்குப் பள்ளிவாசல் தெருவுக்குப் போனது. பாத்தும்மா வந்து சொன்னா, அந்த வரிசையில் தலையில் துவாய் போட்டுக்கொண்டு இரண்டு தண்ணீர்க் கானோடு உங்கள் தம்பி நின்றார் என்று. அவ நல்ல மனுசி, இரண்டையும் நிரப்பிக் கொடுத்து அனுப்பினாவாம்.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் செபம் சொல்லிக் கொடு. ஞாயிற்றுக்கிழமை டினோஜாவுக்குப் போன் அடித்து, பிள்ளை நல்லாச் செய்தாய் என்று உன் வாயால் ஒருதரம் சொல்லு, மறக்காதே. உனக்கும் மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும், கிறகரிக்கும் மஹ்மூதுக்கும் சிவராசாவுக்கும், எதிர்த்துக் கை உயர்த்திய ஏழு பேருக்கும்கூட ஆண்டவர் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும். அந்த ஏழு பேரும் வந்து இருந்து எதிர்த்தவர்கள், அவர்களோடு எனக்குக் கோபமில்லை. நான் சாகும் வரைக்கும் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்.

இப்படிக்கு
உன் அம்மா
செபஸ்தியம்மா

அவர் பெயர் யாகப்பர், என் கூடப்பிறந்த தம்பி.