நீ பிசைந்து வைத்த மாவு

என் பிரியமான கல்யாணி அக்காவுக்கு,

நீ பார்க்காமல் போன ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும்.

அன்று காலை வழக்கம்போலத் தெருவுக்கெல்லாம் பன் போட மாவு பிசைந்து, ஈரத்துணியால் மூடிவிட்டுத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மத்தியானம் காட்டூர் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தினார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஓடிவந்த நான் உன் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

யாரோ தண்ணீர் கேட்டார்கள் என்று அடுப்படிக்குப் போனேன். மாவு துணியைத் தள்ளிக்கொண்டு, பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழிந்திருந்தது. ஈஸ்ட்டுக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குச் சர்க்கரையைத் தின்று பொங்கிக்கொண்டிருந்தது. நீ செய்வதைப் போலவே அமுக்கிவிட்டேன். மாவு வெதுவெதுப்பாக இருந்தது அக்கா. உன் கை சில்லென்று இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது.

உன்னை எடுத்துப்போன பிறகும் மாவு மறுபடி எழும்பியது. கொட்டிவிடலாம் என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். உன்னைக் கட்டிய மாமா மட்டும், "இருக்கட்டும்ங்க. அவ பிசைஞ்சது" என்றார். மறுநாள் புளித்து, நாறி, அமுங்கிப்போயிருந்தது. அவரே கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். கூட யாரையும் வரவிடவில்லை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஓவனை யாரும் தொடவில்லை. மாமா ஃபாக்டரிக்குப் போவார், வருவார். உன் மகள் மலர் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளாகவே போன் செய்து, பன் போடலாமா சித்தி என்று கேட்டாள். போனேன். ஃப்ரிட்ஜில் நீ வைத்திருந்த ஈஸ்ட்டை வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் போட்டோம். நுரைக்கவே இல்லை. செத்துப்போயிருந்தது. மலர் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா வாங்குனது சித்தி."

சொல்லிவிட்டுத்தான் உடைந்து அழுதாள். வாசலில் நின்ற மாமா கடைக்குப் போய்ப் புது பாக்கெட் வாங்கி வந்தார்.

பன் ஒரு பக்கம் சாய்ந்து, உப்புக் குறைந்து வந்தது. மாமா தின்று பார்த்துவிட்டு, "உங்க அக்கா பன்னு மாதிரி இல்லம்மா" என்றார். பிறகு இன்னொரு பன் கேட்டார். நீ போன பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். இதெல்லாம் உனக்குத் தெரியுமா?

இனி ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்துவிடுவேன். உன் கைப்பக்குவம் எனக்கு வராது. வர வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. மலர் அழட்டும், ஆனால் தனியாக அழ விடமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தா