மீட்டரில் அஞ்சு

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

நாங்கள் செய்கிற ரோபோவின் பேட்டரி பன்னெண்டு வோல்ட். குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு அஞ்சைத் தாண்டினால் கருகிவிடும். நடுவில் வோல்ட்டைக் குறைக்கிற கன்வெர்ட்டரின் திருகை நான் திருப்புவேன். கூட்டாளி செந்தில் மீட்டரைப் பார்த்து, செல்லூரில் எங்கள் தெரு விசைத்தறிச் சத்தத்தை மீறி "அஞ்சு" என்று கத்துவான். அப்புறம்தான் வயரை மாட்டுவேன். போன மாதம் அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

இன்று மத்தியானம் தனியாகத் திருப்பினேன். மீட்டர் அஞ்சு காட்டியது. மாட்டக் கை வரவில்லை. அவனுக்குப் போன் போட்டேன்.

"அதான் மீட்டர் காட்டுதுல்ல மாப்ள, மாட்டு. மீட்டிங்ல இருக்கேன், வச்சிர்றேன்."

பிறகு நானே "அஞ்சு" என்று கத்திவிட்டு மாட்டினேன். போர்டில் லைட் எரிந்தது.

தெருவில் கரண்ட் இல்லை, ஒரு தறிகூட ஓடவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அம்புட்டு சத்தமாகக் கத்தியிருக்க வேண்டாம்.